பூட்டிக் கிடந்த வீடும் ஒட்டடையும்: கதையில் எப்படி எழுதுவது?

கேள்வி இது: இருபது வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைக் கதாநாயகி திறந்து உள்ளே போகிறாள். "எங்கு பார்த்தாலும் சிலந்தி வலை" என்று எழுதினால், படித்தவர்கள் தேய்ந்துபோன வர்ணனை என்கிறார்கள். ஒட்டடையை விட்டுவிடலாமா, அல்லது உருப்படியாக எழுத வழி இருக்கிறதா?

விட்டுவிட வேண்டாம். ஒட்டடை பாவம் என்ன செய்தது? அது எதைச் சொல்கிறது என்று யோசிக்காமல் அறை முழுக்கத் தெளித்துவிடுவதுதான் சிக்கல். பெரும்பாலான கதைகளில் "இங்கே ஆள் இல்லை" என்று எழுதி மாட்டிய பலகை மாதிரி அது தொங்குகிறது. ஆனால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது ஒட்டடைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த மூலையில், இந்தக் கீலில், இந்த விசிறியில் இவ்வளவு நாளாக எந்தக் கையும் படவில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் அறை முழுக்க வலை தேவைப்படாது. ஒரே ஒரு இழை, சரியான இடத்தில் இருந்தால் போதும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சிலந்தி வலை வேறு, ஒட்டடை வேறு. வலை என்றால் சிலந்தி குடியிருக்கிறது, இரைக்குக் காத்திருக்கிறது. ஒட்டடை, அல்லது நூலாம்படை என்றால் தூசும் புகையும் ஏறி, சாம்பல் நிறமாகி, கனத்துத் தொங்குவது. பெரும்பாலும் சிலந்தி கைவிட்டுப் போனது. எழுதுகிறவர்கள் பலர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். புது வலை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இழையின் பருமன் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அது சாம்பல் பூத்திருக்கிறது என்றாலே காலம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே காலம் கடந்ததைக் காட்ட வேண்டிய இடத்தில் "ஒட்டடை" என்று எழுதுங்கள். ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது, கவனித்துக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு வேண்டிய இடத்தில் "வலை" என்று எழுதுங்கள்.

அடுத்தது, எந்தச் சிலந்தி? மூடிய அறையின் மூலையில் சக்கரம் போல ஆரங்களும் வட்டங்களும் வைத்து அழகான வலை வரைவதும் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. சக்கர வலை பின்னும் சிலந்திகள் பொதுவாகத் தோட்டத்திலும் வேலியிலும் வாழ்பவை, பறக்கும் பூச்சியை நம்பிப் பிழைப்பவை. பல இனங்கள் பழைய வலையைத் தின்றுவிட்டு ஏறக்குறைய தினமும் புதிதாகப் பின்னும். ஒரு முழு வலைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். அந்த வலையில் இருபது வருடத் தூசு படிய வழியே இல்லை.

வீட்டுக்குள் ஒட்டடையை உண்டாக்குவது வேறு கூட்டம். உத்தரத்து மூலையில் தலைகீழாகத் தொங்கும், குச்சி குச்சியாக நீண்ட கால்களும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான உடலும் கொண்ட சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் அது வலையோடு சேர்ந்து கடகடவென்று அதிர்ந்து, உருவமே மங்கலாகிவிடும். இது பின்னுவது ஒழுங்கில்லாத சிக்கல். பழையதைத் தின்னாது, அதன் மேலேயே இழை இழையாகச் சேர்த்துக்கொண்டு போகும். ஒட்டடை அடுக்கடுக்காகத் திரள்வது இப்படித்தான். இன்னொரு வகை, உருண்டை வயிறு கொண்ட சின்னச் சிலந்தி. மேசைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தாறுமாறாகக் கட்டி, தரையை நோக்கிப் பசை தடவிய சில இழைகளைச் செங்குத்தாக இறக்கும். ஊர்ந்து போகும் எறும்பு அதில் ஒட்டினால் இழை தரையைவிட்டு அறுந்து எறும்பை மேலே தூக்கிவிடும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிறுவனின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளங்கை அகலச் சிலந்தியைச் சக்கர வலையின் நடுவில் உட்கார வைத்துப் பயமுறுத்துவதும் அடிக்கடி நடக்கிறது. சுவரில் ஓடும் அந்தப் பெரிய சிலந்திகள் இரை பிடிக்க வலை கட்டுவதில்லை, துரத்தித்தான் பிடிக்கும். மயிர் அடர்ந்த பெருஞ்சிலந்திகளும் பெரும்பாலும் வளையிலோ மரப்பொந்திலோ வாழ்பவை. அவற்றுக்கும் அந்தரத்துச் சக்கர வலைக்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது உங்கள் இருபது வருட வீட்டுக்கு வருவோம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வருடம் கூடக் கூட ஒட்டடையும் கூடிக்கொண்டே போகும், இருபது வருடம் என்றால் திரைச்சீலை போலத் தொங்கும் என்று நினைக்கிறார்கள். சிலந்திக்கு இரை வேண்டும். பூச்சிகள் வருவது விளக்கு வெளிச்சத்துக்கும் உணவுத் துணுக்குக்கும் ஈரத்துக்கும். ஆள் இருந்து, விளக்கு எரிந்து, துடைப்பம் மட்டும் படாத வீட்டில்தான் ஒட்டடை செழிக்கும். ஆளே இல்லாமல் ஜன்னல்கள் இறுக மூடிக் கிடந்த அறையில் முதல் சில மாதங்களில் வலை சேரும், பிறகு இரை குறைந்து சிலந்தியும் குறையும். பழைய ஒட்டடை தன் எடையிலேயே தொய்ந்து, ஒரு முனை விட்டு, சுவரோடு கறையாக ஒட்டிக்கொள்ளும் அல்லது கயிறு போலத் திரிந்து தொங்கும். தூசுக்கும் இதே கணக்குத்தான். வீட்டுத் தூசில் கணிசமான பங்கு துணி இழையும் நம் தோலிலிருந்து உதிர்வதும். ஆள் இல்லாவிட்டால் அந்த வரத்து நின்றுவிடும். ஜன்னல் இடுக்கு வழியாக வருவது மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் படியும்.

ஆகவே ஒரு கண்ணாடி உடைந்திருந்தால் ஒரு கதை, எல்லாம் அடைத்திருந்தால் வேறு கதை. முதலில் இதை முடிவு செய்யுங்கள். உடைந்த கண்ணாடி வழியாகப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். அந்த ஓட்டையைச் சுற்றி வலை புதிதாக, வெள்ளையாக இருக்கும். எதிர்மூலையில் இருப்பது கறுத்துத் தொய்ந்திருக்கும். ஒரே அறையில் இரண்டு காலம் தெரியும்.

இறுகப் பூட்டிய இரும்புப் பெட்டியைத் திறந்ததும் உள்ளே வலை என்று எழுதுவது சுத்தமான பிழை. மூடி நன்றாகப் பொருந்திய பெட்டிக்குள் சிலந்திக்கு வேலை இல்லை. அங்கே வெள்ளிப்பூச்சி அரித்த காகிதம் இருக்கலாம், மக்கிய துணியின் நெடி இருக்கலாம். முத்திரை இடப்பட்ட கல்லறையும் அப்படித்தான். நூற்றாண்டுகளாகக் காற்றும் பூச்சியும் புகாத இடத்தில் பளபளக்கும் வலையைக் கிழித்துக்கொண்டு நாயகன் நடந்தால், வேறு யாரோ வழி வைத்திருக்கிறார்கள் என்றுதான் கவனமுள்ள வாசகர் எடுத்துக்கொள்வார்.

கால அளவு கேட்பீர்கள். இடத்துக்கு இடம் மாறும் என்றாலும் எழுத இந்த அளவு உதவும். ஒரு ராத்திரியில் ஓர் இழையோ, ஒரு சின்னச் சிக்கலோ வந்துவிடும். பார்த்தால் தெரியாது, முகத்தில் பட்டால்தான் தெரியும். சில வாரங்களில் மூலையில் மூட்டம் போட்டது போல் இருக்கும், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் கண்ணில் படும். சில மாதங்களில் சாம்பல் நிறம் வந்து, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். வருடத்துக்கு மேல் போனால் கனத்து வளைந்து, பூச்சிகளின் இறக்கையும் காலும் கலந்து கிடக்கும். அதன் நேர் கீழே தரையில் மிளகுத்தூள் சிந்தியது போல எச்சப் புள்ளிகளும் பூச்சி ஓடுகளும் இருக்கும். இந்தத் தரையை யாரும் எழுதுவதே இல்லை. அண்ணாந்து பார்ப்பதற்கு முன் உங்கள் நாயகி குனிந்து பார்க்கட்டும்.

வலையில் செத்த சிலந்தி போல ஒன்று தொங்கும். தொட்டால் வெற்றுக்கூடு, ஊதினால் ஆடும். அது சிலந்தி கழற்றிப் போட்ட சட்டை. பயந்த பாத்திரத்துக்கும் பார்த்துப் பழகிய பாத்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு பொருளை வைத்தே காட்டிவிடலாம்.

வெளிச்சமும் முக்கியம். இழைக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ வெளிச்சம் வந்தால் அது மின்னும். பார்க்கிறவரின் முதுகுப் பக்கமிருந்து வந்தால் பெரும்பாலும் காணாமல் போகும். வெயிலிலிருந்து இருட்டு அறைக்குள் நுழைகிறவளுக்கு வலை கண்ணில் படாது. நெற்றியும் உதடும்தான் முதலில் கண்டுபிடிக்கும். உள்ளே போய்த் திரும்பி வாசலைப் பார்க்கும்போதுதான், தான் கடந்து வந்த இடமெல்லாம் இழைகள் மினுங்குவது தெரியும். கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கொட்டாமல், திரும்பிப் பார்க்கும் கணத்துக்கு ஒத்திவைக்க இது நல்ல காரணம்.

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஆள் இருக்கும் வீட்டின் ஒட்டடையைப் பற்றி. கைவிடப்பட்ட வீட்டைவிட, கவனிக்க முடியாமல் போன வீடு கதைக்கு ஆழமானது. தரை பெருக்கியிருக்கிறது, மேசை துடைத்திருக்கிறது, சுவரிலும் தோள் உயரம் வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேல், கோடு போட்டது போல, ஒட்டடை தொடங்குகிறது. இந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார், அவரால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடிவதில்லை, முக்காலியில் ஏற பயம், ஏறிப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இல்லை. இத்தனையும் ஒரு சொல் விளக்கமில்லாமல் வாசகருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒட்டடைக்கோல் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்து, அதன் தலையிலேயே வலை கட்டியிருந்தால் இன்னும் கனம். பார்வை மங்கியவர் வீட்டில் இந்தக் கோடு இருக்காது; கை படும் இடமெல்லாம் துப்புரவாக இருக்கும், கை படாத இடம் கண் மட்டத்திலேயே இருந்தாலும் ஒட்டடை இருக்கும். துக்கத்தில் முடங்கியவர் வீடு இன்னொரு மாதிரி: படுக்கையிலிருந்து குளியலறைக்கும் அடுப்புக்கும் ஒரு தடம் மட்டும் வலையில்லாமல், மற்ற அறைகளின் வாசல்கள் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வரும்.

விசிறியைக் கவனியுங்கள். தினமும் ஓடி, ஆனால் துடைக்கப்படாத விசிறியில், காற்றைக் கிழித்துப் போகும் விளிம்பில்தான் அழுக்கு கறுப்பாகத் திரண்டிருக்கும். ஓடாத விசிறியில் இறக்கையின் மேல்பரப்பில் சீராகப் படிந்திருக்கும், இறக்கைக்கும் கூரைக்கும் நடுவில் இழை ஓடும். "அப்பா இங்கேதான் தூங்குகிறார்" என்று மகன் சொல்ல, வந்தவர் அண்ணாந்து அந்த இழையைப் பார்க்கிறார் என்று எழுதினால் போதும். மகன் பொய் சொல்கிறான் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "வாசலில் வலை அறுபடாமல் இருக்கிறது, ஆகவே யாரும் உள்ளே போகவில்லை" என்ற துப்பு நிற்காது. மேலே சொன்னது போல ஒரு மணி நேரத்தில் புது வலை வந்துவிடலாம். மிகப் பழைய கதை மரபுகளிலேயே இது தெரிந்திருக்கிறது. 622இல் நபிகள் மக்காவிலிருந்து மதினாவுக்குப் புறப்பட்டபோது சௌர் குகையில் தங்கியதையும், வாசலில் சிலந்தி பின்னிய வலையைப் பார்த்துத் துரத்தி வந்தவர்கள் திரும்பிப் போனதையும் இஸ்லாமிய மரபு சொல்கிறது; தாவீதைப் பற்றி யூத மரபிலும் இதே போன்ற கதை உண்டு. இரண்டிலும் வலையைப் பார்த்தவர்கள் "ஆள் இல்லை" என்று படித்தார்கள், உள்ளே ஆள் இருந்தார். வலை வெறுமையின் அடையாளம் என்ற நம்பிக்கையையே கதையின் திருப்பமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் துப்பறிவாளருக்கும் இதே பாதை திறந்திருக்கிறது. அவர் பார்க்க வேண்டியது வலை இருக்கிறதா என்பதை அல்ல, என்ன நிறத்தில் இருக்கிறது என்பதை. வாசலின் இரு பக்கத்திலும் சாம்பல் நிறக் கிழிசல் தொங்கி, நடுவில் மட்டும் வெள்ளை இழை புதிதாக ஓடினால், சமீபத்தில் யாரோ போயிருக்கிறார். கிழிசல் முகத்து உயரத்தில் மட்டும் இருந்து முழங்கால் உயரத்தில் பழைய இழை அறாமல் இருந்தால், போனது நடந்து போன ஆள் இல்லை. மேலே எதையோ நீட்டி எடுத்திருக்கிறார்கள்.

இலக்கியத்தில் புகழ்பெற்ற ஒட்டடை, சார்லஸ் டிக்கன்ஸ் 1860–61இல் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் வரும் கல்யாண மேசை. கைவிடப்பட்ட மணப்பெண் கடிகாரங்களை எட்டு நாற்பதில் நிறுத்திவிட்டு, வெட்டப்படாத கேக்கை அப்படியே விட்டுவைத்திருக்கிறாள். அந்தக் கேக் ஒட்டடையில் மறைந்திருக்கிறது. காட்சி நிற்பதற்குக் காரணம் ஒட்டடையின் அளவு இல்லை. சிலந்திகள் உள்ளேயும் வெளியேயும் ஓடுகின்றன, பலகைக்குப் பின்னால் எலி, கணப்படுப்பின் பக்கத்தில் வண்டு. உணவு அழுகியது, அதைத் தேடி உயிர்கள் வந்தன, அவற்றைத் தேடிச் சிலந்தி வந்தது. காரணம் முழுதாக இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்த வீட்டில் ஆள் இருக்கிறாள். அவளே வேண்டும் என்று காக்கும் ஒட்டடை அது.

நம் பழம்பாடல்களில் பாழின் அடையாளத்தைப் பொருளின் மேலேயே வைத்திருக்கிறார்கள். புறநானூற்று 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தன் வறுமையைச் சொல்லும்போது, சமைப்பதையே மறந்த அடுப்பில் காளான் பூத்தது என்கிறார். சுவரை விட்டு அடுப்புக்குப் போனதால் அந்த ஒரு வரியில் பசி வந்துவிட்டது. "அடுப்பில் பூனை தூங்குகிறது" என்று நாம் இன்றும் சொல்வது அதே பார்வைதான். ஒட்டடையையும் இப்படி நகர்த்துங்கள். மூலையில் இருக்கும் ஒட்டடை பொதுச் செய்தி. தொட்டில் கயிற்றுக்கும் கொக்கிக்கும் நடுவில், தையல் இயந்திரத்தின் ஊசிக்கும் தகட்டுக்கும் நடுவில், மூக்குக்கண்ணாடியின் மடித்த காதுக்கும் மேசைக்கும் நடுவில் ஓடும் இழை ஒரு குறிப்பிட்ட மனிதரைப் பற்றிப் பேசும்.

ஒட்டடைக்குத் துணையாக வேறு தடயங்களும் வேண்டும், இல்லாவிட்டால் அது மேடை அலங்காரமாகிவிடும். வெகுநாள் ஓடாத குழாயைத் திறந்தால் முதலில் காற்று செருமும், பிறகு துருநிறத் தண்ணீர். கழிவுக் குழாயின் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றிப்போய், சாக்கடை நெடி வீட்டுக்குள் வரும். பூட்டிய வீட்டில் முதலில் முகத்தில் அடிப்பது பல சமயம் இதுதான். சாவித்துவாரத்தைக் குளவி மண்ணால் அடைத்திருக்கும். ரப்பர் வளையம் நொறுங்கும், கடிகாரத்துக்குள் பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருக்கும். தீப்பிடித்த வீட்டில் புகைக்கரி கோத்துக் கறுப்பு இழைகளாகத் தொங்கும். பார்வைக்கு ஒட்டடை, சிலந்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. மர்மக் கதைக்கு இது அருமையான இடறல்.

எழுதிக் காட்டுகிறேன். முதலில் வழக்கமானது:

"கதவைத் திறந்தாள். எங்கும் சிலந்தி வலைகள். தூசி மண்டிக் கிடந்தது. அந்த வீடு பாழடைந்திருந்தது."

பின் மூன்று வாக்கியமும் ஒரே செய்தி. இனி இது:

"கதவு திறந்தது. நுழைந்ததும் உதட்டில் ஏதோ பட்டது. துடைத்தாள், கையில் ஒன்றும் இல்லை. அம்மாவின் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாம்பல் இழை. அலமாரிக் கதவை மெதுவாக இழுத்தாள். இழை உடனே அறவில்லை. நீண்டது, வளைந்தது, பிறகுதான் விட்டது."

இழை நீள்வது கற்பனை இல்லை. சிலந்தி தொங்கி இறங்கும் நூல் தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை இழுபட்டுத்தான் அறும்; தூசு ஏறி நைந்தது அவ்வளவு தாங்காது, ஆனால் சட்டென்று முறியாமல் தொய்ந்துதான் போகும். மெழுகுவர்த்தியைக் காட்டினால் வலை குபீரென்று பற்றி எரியும் என்று எழுதாதீர்கள். இழை புரதம். சுருங்கிக் கருகி விலகும், முடி கருகும் வாடை வரும்.

மனத்தில் ஒட்டடை, நினைவில் நூலாம்படை என்று உருவகமாக எழுதுவது சலித்துப்போன வழி. கதையில் அதற்கு முன் யாராவது உண்மையான ஒட்டடையை அடித்திருந்தால் மட்டும் எடுபடும்.

குறும்படம் எடுக்கிறவர்களுக்கு: பஞ்சை இழுத்து மூலையில் ஒட்டினால் பஞ்சாகத்தான் தெரியும். ரப்பர் பசையைச் சுழலும் தட்டில் விட்டு, விசிறிக் காற்றால் இழை இழையாகப் பறக்கவைப்பதுதான் படப்பிடிப்புத் தளங்களின் பழைய முறை. அதன் மேல் முல்தானி மட்டிப் பொடியை மெல்ல ஊதினால் சாம்பல் நிறம் வரும். பசை நெடி கடுமையாக இருக்கும், தீப்பிடிக்கக்கூடியதும்கூட, ஆகவே காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

கடைசியாகத் தொடர்ச்சியைச் சரிபாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் நாயகி கிழித்த வாசல் வலை பத்தாம் அத்தியாயத்தில் முழுதாகத் தொங்கினால், நடுவில் சிலந்தி உயிரோடு இருந்து பின்னியிருக்க வேண்டும். அப்படியானால் அது சாம்பலாக இருக்கக் கூடாது. முதலில் அவள் அறுத்த அலமாரி இழையின் ஒரு முனை சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.